வானத்துக்குள்ளே ஒரு வானம்

ஈசானிய மூலைக் குழியில எலுமிச்சம்பழம் மிதக்குது, பாத்தியா மாப்ளே? நேத்து பூசையில அறுத்துக் குங்குமம் தடவிப் போட்டது. ஒரு பாதி கரையோரம் ஒதுங்கிடுச்சு, இன்னொரு பாதி நடுவுல சுத்திக்கிட்டே கெடக்கு. பக்கத்துல ஒரு தவளை தலையை மட்டும் நீட்டி நம்மளையே பாக்குது. உன் புது வீட்டுக்கு மொதல்ல குடிவந்தது அதுதான். உங்கம்மாகிட்டச் சொல்லிப் பால் காய்ச்சச் சொல்லு.

அஸ்திவாரத்துக்குத் தோண்டுற பள்ளத்துக்கு எங்க காலத்துல வானம்னு பேரு. ரெண்டு சுழியா மூணு சுழியான்னு தமிழ் வாத்தியார் யாரையாவது கேட்டுக்க. நான் அதைத் தோண்டினவனே தவிர எழுதினவன் இல்ல. மேல இருக்குற வானம் எறங்கி வந்து கீழ இருக்குற வானத்துல உக்காந்துடுச்சு, அவ்வளவுதான் விஷயம். 12 பில்லர் குழி தோண்டியிருக்க, 12லயும் மேகம் ஓடறது தெரியுது. இதுல நாளைக்கு காங்கிரீட் போடறேங்கற. போடு. யாரு வேணாங்கறா? 50 வருஷம் கரணை புடிச்ச மாமன் இப்பக் குடை புடிக்கத்தான் லாயக்கு. ஓரமா நிக்கிறேன். வாயி சும்மா இருக்காது, அதுக்கு மட்டும் நான் பொறுப்பில்ல.

நேத்து ஐப்பசி 11. வாஸ்து புருஷன் முழிக்கிற நாளு. மனுஷன் வருஷத்துல 8 நாள்தான் கண்ணு தொறப்பாரு. ஆனி, புரட்டாசி, மார்கழி, பங்குனி நாலு மாசமும் போர்வையை இழுத்து மூடிக்கிட்டுத் தூக்கம். முழிச்சாலும் மூணேமுக்கா நாழிகை, அதாவது ஒன்றரை மணி நேரம். அதுல 18 நிமிஷம் பல்லு விளக்குவாரு, 18 நிமிஷம் குளிப்பாரு, 18 பூசை, 18 சாப்பாடு, கடைசி 18 வெத்தல பாக்கு. சாப்பாடும் வெத்தலையும் சேந்த அந்த 36 நிமிஷம்தான் நமக்கு நல்ல நேரம்ங்குது பஞ்சாங்கம். நம்ம பக்கம் வருஷத்து மழையில பாதிக்கு மேல கொட்டுறதே ஐப்பசியிலேருந்து மார்கழிக்குள்ள. ஐப்பசி 11-ம், கார்த்திகை 8-ம் ரெண்டுமே அவரு முழிக்கிற நாளு. புரட்டாசியில நெலம் பொறுக்கு தட்டிக் கெடக்கறப்ப அவரு கொறட்டை விடறாரு. நான் குத்தம் சொல்லல மாப்ளே. நேத்து அவரு குளிக்க வாய்க்காலுக்குப் போற வேலை மிச்சம், உன் குழியிலேயே முடிச்சிருப்பாரு.

ஆனா ஒண்ணு கவனி. அந்த 36 நிமிஷத்துக்குள்ள 12 குழியையும் ரொப்பணும்னு எந்த ஜோசியரும் சொல்லல. நவதானியம் போட்டு, நாலு செங்கல்லை வச்சு, கற்பூரம் காட்டியாச்சு. சாமி கணக்கு நேத்தே தீந்துபோச்சு. இப்ப பாக்கி இருக்குறது உன் பிளைட் டிக்கெட் கணக்கு. லீவு 30 நாளு, அதுக்குள்ள தரைமட்டம் எழும்பணும், போட்டோ எடுத்து சிங்கப்பூர் ரூம்ல இருக்குற பசங்களுக்கு அனுப்பணும். சரிதானே? சிரிக்காத. நானும் ஒரு காலத்துல போட்டோவுக்கு நின்னவன்தான்.

"சிங்கப்பூர்ல தெனம் மழை மாமா, அங்க கட்டடம் நிக்கலியா"ங்கற. நிக்குதுப்பா. அங்க குழிக்கு மேல கூடாரம் நிக்குது, ஓரத்துல பம்பு நிக்குது, அளந்து கலந்து எடுத்துக்கிட்டு வர்ற லாரி வரிசையில நிக்குது, கையில சீட்டு வச்சுக்கிட்டு இன்ஜினியர் நிக்கிறாரு. இங்க நிக்கறது நீ, நான், அந்தத் தவளை.

அதுக்காக மழையில காங்கிரீட்டே போடக் கூடாதுன்னு நான் சொல்றேன்னு நெனச்சுக்காத. ஊருல பாதி பேரு அப்படித்தான் சொல்லுவான். அவனுக்கு காங்கிரீட்னா கொடியில போட்ட வேட்டி மாதிரி, வெயில்ல காயுதுன்னு நெனப்பு. காயறது இல்ல மாப்ளே. சிமெண்ட்டு தண்ணியோட சேந்து வேற ஒரு சாமானா மாறுது. இறுகறதுக்கே அதுக்குத் தண்ணி வேணும். தண்ணிக்குள்ள முக்கி வச்சாலும் இறுகும். ஆத்துக்கு நடுவுல பாலத்துத் தூண் நிக்குதே, அதெல்லாம் வெயில்லயா காஞ்சுது? மழையைப் பாத்து சிமெண்ட்டுக்குப் பயம் கெடையாது. அதுக்குப் பயமெல்லாம் நம்ம கொத்தனார் பக்கத்துல இருக்குற பிளாஸ்டிக் வாளியைப் பாத்துத்தான்.

அந்த வாளி இருக்கே, அதுதான் நம்மூரு வீடுகளோட சனியன். கலவை மெஷின்ல சிமெண்ட்டு போட்டாச்சு, மணல் போட்டாச்சு, ஜல்லி போட்டாச்சு. சித்தாள் தண்ணி ஊத்துது. கொத்தனார் எட்டிப் பாக்குறாரு. "இன்னும் கொஞ்சம்." ஊத்துது. "இன்னும் ஒரு கை." ஊத்துது. கை அளவுன்னுதான் சொல்லுவாரு, வாளி காலியாயிடும். ஏன்னு கேட்டா, ஓட்டமா இருந்தாத்தானே மூலைக்கெல்லாம் போகும்பாரு. மம்பட்டிக்குச் சொகம், அதான் நெசம். காங்கிரீட்டு இட்லி மாவு மாதிரி இருக்கணும், கரண்டியைச் சாய்ச்சா நின்னு யோசிச்சு மெதுவா எறங்கணும். இவங்க கலக்குறது ரசம். மேல தெளிவு, கீழ மண்டி. மண்டியெல்லாம் குழிக்கு அடியில தங்கிடும், தெளிவு மேல வந்து நிக்கும், அந்தத் தெளிவு மேலதான் உன் பில்லரு நிக்கப்போவுது.

வேலை கத்துக்குற காலத்துல ஒரு ஓவர்சியர் எனக்கு இதைச் சொல்லிக் குடுத்தாரு. அமெரிக்காவுல சிகாகோவுல டஃப் ஏப்ரம்ஸ்னு ஒருத்தரு, கலவையை விதவிதமாப் போட்டு ஆயிரக்கணக்குல உடைச்சுப் பாத்திருக்காரு. 1918-ல எழுதி வச்சுட்டாரு, சிமெண்ட்டுக்கும் தண்ணிக்கும் உள்ள கணக்குதான் வலுவைத் தீர்மானிக்குதுன்னு. தண்ணி ஏற ஏற வலு எறங்கும். நூறு வருஷம் ஆச்சு, சிகாகோவுல சொன்னது நம்ம கீழத் தெருவுக்கு இன்னும் வந்து சேரல. நடுவுல எங்கியோ மழைக்கு ஒதுங்கிடுச்சு போல.

கணக்கு பெருசு இல்ல. 1:1½:3, எம் 20ன்னு சொல்றாங்களே, அதுல 50 கிலோ மூட்டைக்குத் தண்ணி 30 லிட்டருக்கு மேல போகக் கூடாதுன்னு அரசாங்கப் புத்தகத்துலயே இருக்கு. கை சுத்தமானவன் 25 லிட்டர்ல முடிப்பான். இப்ப உன் கொத்தனாருகிட்டப் போயி, மூட்டைக்கு எத்தனை லிட்டர் ஊத்துறீங்கன்னு கேட்டுப் பாரு. அவரு உன்னை ஏற எறங்கப் பாப்பாரு. "தம்பி, 30 வருஷமா கட்டுறேன்"பாரு. கேட்டது லிட்டரு, வந்த பதில் வருஷம்.

இந்த வாளி வெயில் காலத்துலயே இந்த ஆட்டம் ஆடும். மழைக் காலத்துல அதுக்கு ஒரு கூட்டாளி சேந்துக்கும். அது மணல்.

கொஞ்சம் இரு, காட்டுறேன். உங்கம்மாகிட்ட ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் வாங்கிக்கிட்டு வா. வாய் அகலமா இருக்கணும். இந்தா, மழையில நனைஞ்ச இந்தக் குவியல்லேருந்து மணலை அள்ளி, அழுத்தாம, தட்டாம பொலபொலன்னு போடு. விரலை வச்சு அள. 8 விரக்கடை இருக்கா? இப்ப அதை அந்தச் சட்டியில கொட்டிட்டு, பாட்டில்ல பாதிக்குத் தண்ணி ஊத்து. கொட்டின மணலைக் கொஞ்சம் கொஞ்சமா உள்ள போட்டு ஒரு குச்சியால கிண்டி விடு. ஒரு பொடிகூடச் சிந்தாத, அப்பறம் மாமன் ஏமாத்திட்டான்னு சொல்லுவ. ம். இப்பத் தண்ணிக்கு அடியில மணல் எம்புட்டு இருக்கு, அள. ஆறரை விரக்கடை. ஒன்றரை விரக்கடை மணலை யாரு திருடினது? தவளையா?

யாரும் திருடல. ஈரம் பட்டா ஒவ்வொரு மணலும் மெல்லிசா ஒரு தண்ணிச் சட்டையைப் போட்டுக்கும். அந்தச் சட்டை ஒண்ணை ஒண்ணு தொடவிடாம தள்ளி வைக்கும். கல்யாணப் பந்தியில மனஸ்தாபம் உள்ள பங்காளிங்க உக்காருவாங்களே, நடுவுல ஒரு இலை எடம் விட்டு, அந்த மாதிரி. எடம் அடைச்சுக்கும், ஆளு கம்மி. நூத்துக்கு 5 பங்கு ஈரம் இருந்தாப் போதும், மணல் கால் பங்கு வரைக்கும் பொம்மிக்கும். பொடி மணலா இருந்தா இன்னும் மேலயே போகும். வேடிக்கை என்னன்னா, முழுசாத் தண்ணியில முக்கிட்டா பொம்மல் போயிடும். பழைய அளவுக்கே வந்து அடங்கி உக்காந்துக்கும். நனைஞ்சதுக்கு அப்பறம் முக்காடு எதுக்குங்கற கதை. காஞ்ச மணல் யோக்கியன், முழுகின மணல் யோக்கியன், நடுவுல அரைகுறையா ஈரமா இருக்கே அதுதான் பித்தலாட்டக்காரன். ஐப்பசியில நமக்குக் கெடைக்குறதெல்லாம் அந்த நடுவுல உள்ளவன்தான். ஆத்து மணல்தான் அப்படி, எம் சாண்டு அப்படி இல்லேம்பாங்க. அதையும் இதே பாட்டில்ல போட்டுப் பாரு.

இதுல ஒரு கிளைக் கதை. மழை நாள்ல மணல் லோடு யூனிட் கணக்குல வாங்குறியே, வண்டிக்காரரு பக்கப் பலகை வரைக்கும் ரொப்பிக்கிட்டு வந்து நிப்பாட்டுவாரு. ஈர மணலு. அதுல அஞ்சுல ஒரு பங்கு காத்து. அதுக்கும் சேத்துக் காசு எண்ணிக் குடுத்திருக்க நீ. போன மாசம் நல்ல வெலைக்கு வாங்கினேன்னு என்கிட்டப் பெருமை அடிச்சுக்கிட்டியே, நான் ஒண்ணும் சொல்லல. மாப்ளே சந்தோஷத்தைக் கெடுப்பானேன்னு வெத்தலையை மென்னுக்கிட்டு இருந்துட்டேன்.

சரி, கலவைக்கு வா. மூட்டைக்கு ஒன்றரைப் பெட்டி மணல் போடணும். பெட்டின்னா 35 லிட்டர், ஒரு மூட்டை சிமெண்ட்டு கொள்ற அளவு. நீ ஒன்றரைப் பெட்டி ஈர மணல் போட்டா, உள்ள போற நெச மணல் ஒண்ணேகால் பெட்டிகூட வராது. மணல் கொறைஞ்சா ஜல்லி எலும்பும் தோலுமா துருத்திக்கிட்டு நிக்கும், கலவை சேராது, மொறமொறங்கும். கொத்தனார் அதைப் பாத்து என்ன பண்ணுவாரு? வாளியைக் கூப்புடுவாரு. அங்கதான் வேடிக்கை. அந்த மணல்லயே மூட்டைக்கு 4 லிட்டர் தண்ணி ஏற்கெனவே ஒளிஞ்சுக்கிட்டு வந்திருக்கு. ஜல்லி மேல ஒட்டிக்கிட்டு வந்தது ஒண்ணரை லிட்டரு தனி. கணக்குப் பாத்தா 25 லிட்டர் ஊத்த வேண்டிய எடத்துல 20 லிட்டர்தான் ஊத்தணும். இவரு ஊத்துறது 35. அப்பறம் சுவத்துல வெடிப்பு வந்தா, "அன்னிக்கு மழை பேஞ்சுதுங்க, அதான்"னு சொல்லி மேல கைகாட்டிடுவாரு. மேல இருக்குறவன் வந்து பதில் சொல்லவா போறான்?

அதனால ஈர மணல்னா ஒன்றரைப் பெட்டிக்குப் பதிலா ரெண்டுக்குக் கொஞ்சம் கம்மியாப் போடு. எம்புட்டு கம்மின்னு பாட்டில் சொல்லும், கொத்தனாரைக் கேக்காத. வாளிக்கு வெளிப்பக்கம் 5 லிட்டருக்கு ஒரு கோடு பெயிண்ட்ல போட்டு வை. கோடு போட்ட அன்னிக்கே அவரு கோவிச்சுக்கிட்டுப் போவாரு. சாயங்காலம் திரும்ப வந்துடுவாரு, நம்மூருல அடைமழையில வேற யாரு வேலை வச்சிருக்கா?

இப்பக் குழிக்கு வருவோம். மேல நிக்குற தண்ணியை ஆயில் இன்ஜின் வச்சு எறைச்சுடலாம், அது பெரிய காரியமில்ல. அடியில நிக்குற சேறுதான் எமன். நம்ம மன்னார்குடிப் பக்கத்துக் களி எப்படிப்பட்டதுன்னு உனக்கு மறந்துபோயிருக்கும். சித்திரையில கடப்பாரை வளையும், ஐப்பசியில கால் விரலே எறங்கும். ரெண்டு நாள் தண்ணி நின்ன களி மேல காங்கிரீட் போடறது வெண்ணெய் மேல அம்மியை வைக்கிற மாதிரி. அம்மி ஒண்ணும் ஆகாது, நல்ல கல்லுதான். வெண்ணெய்தான் வழுக்கிக்கிட்டுப் போகும், அதுவும் நாலு மூலையும் ஒரே மாதிரி போகாது.

முழுசாத் தோண்டிப்புட்டு மழைக்கு ஓடி ஒளியறது உலகத்துலயே மோசமான வழக்கம். தோண்டறப்பவே கடைசி அரை அடியை விட்டுடணும். அந்த அரை அடி மண்ணுதான் குழிக்குக் கோவணம். மேகம் வெளுத்து மூணு நாள் வெயில் அடிக்கும்னு தெரிஞ்சா, காலையில அந்த அரை அடியை வழிச்சு எடுத்து, கெட்டி மண்ணு தெரிஞ்சதும் அன்னிக்குப் பொழுது சாயறதுக்குள்ள ஒண்ணரை ஜல்லியில 4 அங்குலம் போட்டு மூடிடணும். அதுக்கப்பறம் மழை பேஞ்சா பேஞ்சுட்டுப் போவட்டும், கீழ மண்ணு பத்திரமா இருக்கு. நீ 12 குழியையும் அடி மட்டம் வரைக்கும் தோண்டி, வழிச்சு, மட்டம் பாத்து, அழகா வாசல்ல கோலம் போட்ட மாதிரி வச்சுக்கிட்டு மழைக்காகக் காத்திருந்திருக்க. இப்ப ஒவ்வொண்ணுலயும் அரை அடிக்கு மேல சேத்தை வழிச்சுக் கொட்டணும், வழிச்ச எடத்துல மண்ணைப் போட்டு ரொப்பாத, காங்கிரீட்டாலயே ரொப்பு. செலவுதான். கோவணத்தை அவுத்த கூலின்னு எழுதி வச்சுக்க.

எறைக்கறப்ப இன்னொண்ணு. குழிக்கு உள்ள, பில்லர் வர்ற எடத்துலயே பம்பு ஓசைப் போடாத. ஒரு ஓரமா, காங்கிரீட்டுக்கு வெளியில, ஒரு அடி ஆழத்துக்குச் சின்னதா இன்னொரு குழி பறிச்சு, ஊறி வர்ற தண்ணி அங்க வந்து சேர்ற மாதிரி வாய்க்கா இழுத்து, அங்கேருந்து எறைக்கணும். பச்சைக் காங்கிரீட்டுக்கு பக்கத்துல ஓசு உறிஞ்சினா, தண்ணியை மட்டுமா உறிஞ்சும்? சிமெண்ட் பாலையும் சேத்து உறிஞ்சும். ஓசு வாயில வெள்ளையா நொரைச்சுக்கிட்டு வந்தா, உன் சிங்கப்பூர் வெள்ளி பாமணி ஆத்துல கலக்குதுன்னு அர்த்தம்.

தண்ணியிலேயே போட்டா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும், ஏன்னா நான் போட்டிருக்கேன். 1977, கார்த்திகை மாசம். நவம்பர் 12 நாகப்பட்டினத்துப் புயல் அடிச்சு ஓஞ்சு ரெண்டு வாரம்கூட ஆகல. எனக்கு 24 வயசு, தனியா எடுத்த ரெண்டாவது வேலை. மாட்டுக் கொட்டாய்க்கு ஆறு தூணு. குழியில முழங்கால் தண்ணி. வீட்டுக்காரரு அவசரப்பட்டாரு, நான் அவரை விட அவசரப்பட்டேன். தண்ணியில நல்லாக் கரையட்டும்னு கலவையைத் தண்ணி சேக்காம உலர்ந்தவாக்குல சட்டி சட்டியாக் கொட்டினேன். பெரிய புத்திசாலித்தனம்னு நெனப்பு. மேல தண்ணி பால் மாதிரி வெளுத்துச்சு. எனக்கு சந்தோஷம்னா சந்தோஷம், சிமெண்ட் வேலை செய்யுதுன்னு! ஒரு மாசம் கழிச்சுத் தூணு லேசா சாஞ்சுது. தோண்டிப் பாத்தா மேல ஒரு அடை மாதிரி சிமெண்ட்டு ஓடு, அதுக்குக் கீழ கழுவி எடுத்த ஜல்லி. தனித்தனியா, சுத்தமா. திரும்பக் காசு குடுத்து வாங்கின ஜல்லியைவிட சுத்தமா இருந்துச்சு. ஆறு தூணையும் பேத்தெடுத்து, கூலி வாங்காம எட்டு நாளு திரும்பப் போட்டேன். வீட்டுக்காரரு ஒரு வார்த்தை திட்டல. தெனம் சாயங்காலம் டீ வாங்கிக் குடுத்தாரு. அந்த டீயைக் குடிக்கறதுதான் பெரும்பாடு.

ஈர மண்ணுல அஸ்திவாரம் போடவே முடியாதான்னா, நமக்கு மேற்க போனா கல்லணை நிக்குதே. கரிகாலன் பேரைச் சொல்றோம். ஆத்து மணல்ல கல்லைக் கொண்டுபோய்ப் போட்டாங்க, தண்ணி அரிச்சு கல்லு உள்ள எறங்குச்சு. அது மேல இன்னொண்ணு, அதுவும் எறங்குச்சு. இனிமே எறங்கலேன்னு மணலே ஒத்துக்குற வரைக்கும் போட்டுக்கிட்டே இருந்திருக்காங்க. 1830-கள்ல ஆர்தர் காட்டன் இதைப் பாத்துட்டு, இந்த வித்தையை நான் இவங்ககிட்டத்தான் கத்துக்கிட்டேன்னு ஒத்துக்கிட்டாரு. முக்கொம்புல மேலணை கட்டினதும், அப்பறம் கோதாவரியில தவளேஸ்வரத்துல கட்டினதும் அவருதான். வெள்ளைக்காரன் நம்ம ஊரு மேஸ்திரியைப் பாத்துக் கத்துக்கிட்டான், நீ மட்டும் யூடியூப்ல எவனோ வடக்கத்தியான் போடறதைப் பாத்துக்கிட்டு இருக்க. கல்லணைக்காரனுக்கு ஒரு வசதி இருந்துச்சு, அதையும் சொல்லிடறேன். அவனுக்கு ரிட்டர்ன் டிக்கெட் கெடையாது.

அந்தக் குழி ஓரத்துல நிக்காத. இப்படி வா. இன்னும் தள்ளி வா.

இங்க மட்டும் எனக்குக் கேலி வராது. அஞ்சடிக் குழி, தோண்டின மண்ணை எல்லாம் வெளிம்புலயே குமிச்சு வச்சிருக்க. மழையில ஊறின அந்த மண்ணு எம்புட்டு கனம் தெரியுமா? பக்கச் செவுரு ஒரு சத்தம் குடுக்காது, பொத்துன்னு விழும். நெஞ்சு வரைக்கும் மூடினாலே ஆளால மூச்சு விட முடியாது. மண்ணை மூணடிக்கு அப்பால தள்ளு. சேறு வழிக்க ஆளு எறங்கறதுக்கு முன்னால பலகை வச்சு, குறுக்க சவுக்குக் கழி கொடுத்து முட்டுப் போடு. தனியா ஒருத்தனை உள்ள எறக்காத. அப்பறம் அந்த மோட்டார் வயரு, நடுவுல ரெண்டு எடத்துல ஒட்டுப் போட்டு ஈரத் தரையில கெடக்கு. அதை மாத்தாம நாளைக்கு ஒருத்தரும் குழியில கால் வைக்கக் கூடாது. இதைச் சிரிச்சுக்கிட்டுக் கேட்டுட்டுப் போயிடாத.

சரி. சிமெண்ட்டு எங்க வச்சிருக்க? பழைய மாட்டுக் கொட்டாயிலியா? தரையில? செவுத்தை ஒட்டி? அடேயப்பா, மாட்டுக்காவது கீழ வைக்கோல் போடுவோம். கைய உள்ள விட்டுப் பாரு, சில்லுன்னு இருக்கணும், மாவு மாதிரி வழுக்கணும். இதோ கட்டி. விரலால நசுக்கு. நசுங்குதா, பொழைச்ச. நசுங்கலியா, அது சிமெண்ட்டு இல்ல, கல்லு. அந்த மூட்டையை வாசல்ல போட்டு வண்டிச் சக்கரத்துக்கு முட்டுக் குடுக்கலாம். அரை அடிக்கு மேல பலகை போட்டு, செவுத்தை விட்டு ஒரு அடி தள்ளி, பத்து மூட்டை ஒசரத்துக்கு மேல அடுக்காம, சுத்தி பாலித்தீன் காகிதம் போத்தி வைக்கணும். ஒரு குழிக்கு 4 மூட்டைதான் புடிக்குது, மொத்தமா 60 மூட்டையை எறக்கி வச்சுக்கிட்டு மழையை எதுக்கு விருந்துக்குக் கூப்புட்ட? கடை என்ன ஓடியா போயிடப்போவுது?

கம்பியைப் பத்தி ரெண்டு வார்த்தை. லேசா துரு இருக்கு, பரவால்ல. சேறு ஒட்டியிருக்கு, அது ஆகாது. தண்ணி அடிச்சுக் கழுவு. பாய்க் கம்பி தரையைத் தொடக் கூடாது, ரெண்டு அங்குலம் கவர் கட்டை வச்சுத் தூக்கு. செங்கல் துண்டை வச்சுத் தூக்கறதைப் பாத்தேன். செங்கல்லு தண்ணியைக் குடிச்சுக் கம்பிக்கு ஊட்டும், பாசக்காரப் பாட்டி மாதிரி. எடுத்துடு.

இனிமே போடற அன்னிக்கு. ஒரு குழியை எடுத்தா ஒரே மூச்சுல முடி. பாதிக் குழியில மதியச் சோத்துக்குப் போகாத. மெஷின்ல கலக்கறப்பவே தூத்தல் விழுந்தா பயப்படாத, குழி மேல படுதாவைப் பந்தல் மாதிரி இழுத்துக் கட்டிட்டு வேலையைப் பாரு. நெல்லுக்குப் போத்தற படுதா இருக்குல்ல, அதேதான். ஆனா கலவை மேல படாம உசத்திக் கட்டணும், நடுவுல தொந்தி விழுந்து தண்ணி தேங்கக் கூடாது. சடசடன்னு பெருமழை வந்துட்டா நிறுத்திடு. போட்டதை மூடு. தேங்கின தண்ணியை ஸ்பாஞ்சாலயோ துணியாலயோ ஒத்தி எடு. அந்த நேரத்துல உன் கொத்தனார் ஒரு காரியம் பண்ணுவாரு பாரு: ஒரு கைப்புடி சிமெண்ட்டை அள்ளி ஈரத்து மேல தூவுவாரு, பூசாரி விபூதி அடிக்கிற மாதிரி. பேய் வேணும்னா ஓடும், தண்ணி ஓடாது. மேல ஒரு தோலு மட்டும் வரும், அப்பறம் அது உரிஞ்சுக்கிட்டு வரும். மழையில மேல்பக்கம் அரிச்சு ஜல்லி தெரிஞ்சா, இறுகினதுக்கப்பறம் கம்பி பிரஷ் வச்சு அந்தப் பொக்கை எல்லாத்தையும் தேச்சு எடுத்துக் கழுவிட்டுத்தான் பில்லரை எழுப்பணும்.

அஞ்சாறு மணி நேரம் தாண்டி நல்லா இறுகிடுச்சுன்னா, அப்பறம் மழை பேஞ்சா கவலையில்ல, அது உன் வேலையைத்தான் செய்யுது. குழி ரொம்பினாக்கூட எறைக்க வேணாம், உள்ள கெடக்கட்டும். மத்த மாசத்துல ஆளு வச்சுத் தண்ணி காட்டணும், ஐப்பசியில அது கூலி இல்லாத ஆளு. ஆனா கூலி இல்லாத ஆளு நெனச்சா லீவு போட்டுடுவான். நடுவுல ரெண்டு நாள் வெயில் அடிச்சா ஈரச் சாக்கைப் போட்டு நீ ஊத்து. 10 நாளாவது ஈரம் போகக் கூடாது. இப்ப வர்ற கலப்பு சிமெண்ட்டுக்கு ரெண்டு வாரம்னா இன்னும் நல்லது. உன் லீவுக்கு அது ஒத்து வராதுன்னா, உங்கம்மாவை ஊத்தச் சொல்லி வீடியோ கால்ல பாத்துக்க. உங்கம்மா கணக்குக் கேப்பா, தயாரா இரு.

"அப்ப என்ன மாமா பண்ணச் சொல்றீங்க, தை வரைக்கும் நிறுத்திடவா"ங்கற. நான் சொன்னா நிறுத்திடுவியா? நீ வந்த மொதல் நாளே நிறுத்தச் சொன்னேன், நீ கேக்கல. நாலு நாளைக்கு முன்னால போன்ல என்னமோ பாத்து, மழை இல்லேன்னு சொன்ன. நுங்கம்பாக்கம் வானிலை ஆபீசுல ஒண்ணு சொல்றாங்க, உன் போன்ல ஒண்ணு சொல்லுது, எங்க வீட்டு எறும்பு மூணாவதா ஒண்ணு சொல்லுது. முட்டையைத் தூக்கிக்கிட்டு விட்டத்துக்கு ஏறிடுச்சுங்க நேத்து ராத்திரியே. நான் அதுங்க கட்சி.

2018 நவம்பர் 16 விடியக் காலையில கஜா புயல் வந்து போச்சே, நீ அப்ப சிங்கப்பூர்ல இருந்த. தென்னை எல்லாம் சீப்புப் பல்லு மாதிரி ஒரே பக்கமாப் படுத்துக் கெடந்துச்சு. கூரை போனவங்க எல்லாம் அடுத்த வாரமே, அந்தச் சேத்துலயே, கெடச்ச ஆளை வச்சு அஸ்திவாரம் போட்டாங்க. அவங்களுக்கு வேற வழி இல்ல, மழையில புள்ள குட்டியோட நின்னாங்க. அவங்களைப் பாத்து நான் வாயைத் தொறக்கல, கூட நின்னு சேறு வழிச்சேன். உனக்கு என்ன? ஓட்டு வீடு ஒழுகாம நிக்குது, உங்கம்மா உள்ள சீரியல் பாக்குறா.

ஒண்ணு பண்ணலாம். 12 குழியையும் நாளைக்கே போடறதை விடு. மேகம் விட்டு ரெண்டு மூணு நாள் வெளுத்துச்சுன்னா, ஈசானிய மூலையில ஒண்ணு, அதை ஒட்டி ஒண்ணு, ரெண்டே ரெண்டு குழி. சேத்தை வழிச்சு, முட்டுக் குடுத்து, ஒண்ணரை ஜல்லி போட்டு, பாய்க் கம்பி எறக்கி, அளந்த தண்ணியில அளந்த மணல்ல நீயே பக்கத்துல நின்னு போடு. வாளிக்கு நான் காவல். போட்டோ எடுத்துக்க, ரூம்ல உள்ள பசங்களுக்கு ரெண்டு குழி போதும், மத்த பத்து கேமராவுல வர்றதில்ல. மிச்சத்துல இப்பவே மண்ணு சரியாம ஓரத்தைச் சீவி விட்டு, தை பொறந்ததும் நான் பாத்துக்கிறேன். தை 12-ம் வாஸ்து புருஷன் முழிக்கிற நாளுதான், பஞ்சாங்கத்துல பாத்துட்டேன். அன்னிக்கு அவரு குளிக்க வாய்க்காலுக்குத்தான் போகணும்.

என்ன, கொத்தனாருக்கு அட்வான்ஸ் குடுத்துட்டியா? எம்புட்டு? அடப்பாவி. சரி, அதை அப்பறம் பேசுவோம். அந்தப் பக்கம் பாரு, தெக்க கறுத்துக்கிட்டு வருது. படுதாவோட அந்த முனையை நீ புடி, இந்த முனையை நான் புடிக்கிறேன். மொதல்ல மணலை மூடுவோம். அய்யோ, குடையை மடக்குடா, காத்துல திரும்பிக்கப் போவுது.